ஒன்பதே நாற்காலி

"கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோக்கா! விழுந்தா இன்னொரு காலுக்கும் மாவுக்கட்டுதான்."

நாடாளுமன்றப் படிகளில் அக்காவை முதுகில் சுமந்தபடி ஏறினார் தம்பி. லிஃப்ட் மக்கர். பின்னால் ஒரு காவலர் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மேலே வாக்கெடுப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. அது நின்றால் கதவை மூடிவிடுவார்கள்.

"இறக்கி விடுடா. உனக்கு மூச்சு வாங்குது."

"சின்னப் பிள்ளைல நீ என்னை இடுப்புலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சே. இப்ப என் முறை."

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"யாருன்னு பாருக்கா."

எட்டி எடுத்துப் பார்த்தாள். "டெய்லர்." குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்குப் பார்த்தா கூப்பிடணும்?"

"கட் பண்ணிடு."

உச்ச நீதிமன்றத்தில் இப்போதிருக்கும் ஒன்பது நீதிபதிகள்தான், எந்த அரசும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தும் மசோதா. நிறைவேற ஒரே ஓட்டு குறைந்தது. அது அக்காவின் ஓட்டு. அவளுடைய ஆளும் கட்சியோ, புதிதாக நான்கு நீதிபதிகள் பதவியேற்க மறுநாளே நாள் குறித்திருந்தது. மசோதா நிறைவேறினால் அந்த நால்வருக்கும் இடமில்லை.

"தலைவர் காலைல போன் பண்ணார்டா. 'வலியோட ஏம்மா அலையறீங்க, வீட்லயே படுத்திருங்க'ன்னார்."

"கால் உடைஞ்ச அன்னிக்கு வராத பாசம்!"

"படுத்தே இருந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"உன்னை நீயே சொல்லிப்பே. ஊர் ஊரா என்ன பேசினே? ஆட்சிக்கு வர்றவங்க எல்லாம் வேண்டிய ஆளுக்கு நாற்காலி போட்டுக்கிட்டே போனா, அது கோர்ட்டா சினிமாக் கொட்டகையான்னு கேட்டியே? கை தட்டினதுல நானும் ஒருத்தன்."

"அப்ப பேசறது சுலபமா இருந்துச்சு." சூடாக ஒரு சொட்டு அவர் பிடரியில் விழுந்தது. "பட்டனை அமுக்க எனக்குக் கை வராதுடா. கட்சியை விட்டுத் தூக்கினா தூக்கட்டும், அதுக்கில்ல..."

"எதுக்கும் இல்ல. அமுக்கிட்டு வா. வாசல்லயே நிக்கறேன்."

நாற்காலியில் உட்கார வைத்து, கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். காவலர் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். மணி நின்றது. கதவு மூடியது.

வராந்தா டி.வி.யில் அக்காவின் கை தெரிந்தது. பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது. தம்பி டி.வி.யை நெருங்கி, "அமுக்குக்கா" என்று முணுமுணுத்தார்.

கை இறங்கியது.

கதவு திறந்து காவலர் ஓடிவந்தார். "பாஸாயிடுச்சு சார்! ஆனா அம்மாதான் தேம்பித் தேம்பி அழறாங்க."

தம்பி சிரிக்க முயன்றார். போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார்.

"சார், டெய்லர் பேசறேன். கறுப்பு அங்கி ரெடி. நாளைக்குக் காலைல பதவியேற்பாச்சே! நம்ம உச்ச நீதிமன்றத்தோட பத்தாவது நீதிபதி, நீங்க கடைக்கு வர்றதா? நானே வீட்டுக்குக் கொண்டு வந்துடறேன்!"