கைமாறிய புரோப்

மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் பேண்ட்வித்தை, அதாவது அதன் வேக வரம்பைச் சோதிக்க எடுத்த தொடுமுனைக் கம்பியான புரோப், அவள் கை தவறித் தரையில் விழுந்தது. உள்ளே அடிபட்டிருந்தால், வேகமான சிக்னலில் அலை சுருங்கிவிடும். சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார்.

எதிர் மேசை அண்ணன் கைகழுவப் போயிருந்தார். சத்தமில்லாமல் அவருடைய புரோப்போடு மாற்றி வைத்தாள்.

திரும்பி வந்தவர், "சாப்பிட்டியாம்மா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினாள்.

சோதனையைத் தொடங்கினாள். நூறு மெகாஹெர்ட்ஸ் வரை நிமிர்ந்து நிற்க வேண்டிய அலை, பாதியிலேயே படுத்துவிட்டது.

எதிரே அதே சோதனையை முடித்த அண்ணன் துள்ளினார். "பாஸ் ஆயிடுச்சு! காலையில கீழ போட்டுட்டேம்மா. புரோப் போச்சுன்னே நெனச்சேன். பாரு, கல்லு மாதிரி இருக்கு!"

சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார். "உன் புரோப்புக்கு என்ன ஆச்சு?"

தேள் கொட்டிய திருடனால் கத்தவா முடியும்?