மூலைப் பலகை

மில்வாக்கி அரங்கின் பனித்தரையில் விரித்த செயற்கைப் புல்லிலிருந்து குளிர் ஏறுகிறது. இன்று தோற்றால் உள்ளரங்கக் கால்பந்து சீசன் முடிந்துவிடும். தடுப்பாட்டக்காரர் ஜெரெக் ஆடுகளத்தைச் சுற்றி, பந்து பட்டுத் திரும்பும் தடுப்புப் பலகைகளை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வருகிறார். டங், டங். திருகு தளர்ந்த மூலைப் பலகை மட்டும் ‘தொப்’ என்கிறது. அதில் பட்ட பந்து எகிறாமல் அங்கேயே விழும். எதிரணி பந்து எகிறும் என்று நினைத்து ஓடும்; ஜெரெக் நின்று எடுப்பார். இப்போது அந்த மூலையில் அரங்கப் பராமரிப்பாளர் வெண்டல் ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார்.

“யோவ், அத இறுக்காத! பதினோரு வருசமா அவள எனக்குத் தெரியும்.”

“பலகைக்குப் போய் அவளாம்! உன் பொண்டாட்டி கேட்டா தெரியும் சேதி.”

“இன்னிக்கு மட்டும் விட்டுரு, வெண்டல்.”

வெண்டல் ஸ்பேனரைப் பைக்குள் போடுகிறார். “தோத்தீங்கன்னா நாளைக்குக் காலைலயே இறுக்கிருவேன்.”

ஜெரெக் பலகையருகே குனிகிறார். “கேட்டுக்கிட்டியா?” என்று மெதுவாகத் தட்டுகிறார்.

தொப்.