ஆடாத துளி

அவன் தறியை விட்டு உள்ளே வந்தபோது சமையலறை நடுவில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் சுற்ற வைத்திருந்த வெள்ளை நூல். உத்தரத்து ஆணியில் கட்டியிருந்தது. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

அதற்கு விரற்கடை தள்ளி, அரிசி டப்பாவின் மேல் செல்போன். அதைக் கவ்விப் பிடித்திருக்கும் குட்டி லென்ஸ். பின்னால் அவன் பெண்டாட்டி சுகுணா, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

"சோறு எங்க?" என்று கத்தினான்.

கத்தத்தான் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு விசைத்தறி ஓடுகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் கத்தித்தான் பேசுகிறார்கள். கொஞ்சியதும் கத்தித்தான்.

"ஆடுதுங்க" என்றாள், துளியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஆடாமல்? தறி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சுவர் அதிரும். டம்ளரில் மோர் ஊற்றி வைத்தால் மோரில் வட்டம் வட்டமாக எழும். அப்படியாப்பட்ட வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் அசையாமல் நிற்க வேண்டுமாம்.

ஒரு மாதமாக இதே கூத்து. கொய்யா இலையில் துளி. கரண்டி நுனியில் துளி. காயப்போட்ட அவன் லுங்கி ஓரத்தில் துளி. கோழிக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் சொட்டு சொட்டாக வைத்து, படம் எடுத்து, ஓடி வந்து காட்டுவாள். எல்லாம் கலங்கல்.

"புழு மாதிரி இருக்குது" என்று ஒரு தரம் சொன்னான். அதற்குப் பிறகு காட்டுவதில்லை.

கரண்ட் போகும்போது எடுத்துத் தொலை என்றான். கரண்ட் போனால் வெளிச்சமும் போகிறதே என்றாள். ஜன்னல் இல்லாத சமையலறை. வாசலுக்குப் போ என்றான். வாசலில் காற்று. இவன் தறிக்கு லீவு விடுகிற நாளில் பின்வீட்டு மாரப்பன் ஓட்டுவான். அவன் விடுகிற நாளில் இவன் ஓட்டுவான்.

எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் இருந்தது.

"அந்தச் சொட்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?"

"நம்மூடு இருக்குதுங்க. தலைகீழா. டியூப்லைட்டு, அலமாரி, சாமி படம், எல்லாம் குட்டியூண்டா. ஆடாம நின்னா தெரியும்."

"ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு ஊட்டப் பாக்க உனக்குச் சொட்டுத் தண்ணி வேணுமா?"

அவள் திரும்பினாள்.

"கொஞ்ச நேரம் தறிய நிறுத்துங்க. இல்லீனா நான் தாராபுரம் போறேன், எங்கண்ணன் ஊட்டுக்கு."

"எதுக்கு?"

"அங்க ஊடு ஆடாது."

சண்டை பிடித்துச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு விட்டிருப்பான். உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். கதவோரம் பார்த்தான். துணிப்பை நிறைந்து, வாய் கட்டிக் கிடந்தது.

ஓடுகிற ஷிப்டில் தறியை நிறுத்துவதாவது! சாயங்காலம் நெய்த துணி பீஸ் எடுக்க ஈரோட்டு வண்டி வந்து நிற்கும். போன வருஷம் அவள் அப்பா இறந்த செய்தி வந்தபோதுகூட, தறியில் கிடந்த பீஸை ஓட்டி முடித்து அறுத்துவிட்டுத்தான் நிறுத்தினான். அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை.

"உன்னோட ஒரே ரோதனை" என்று கத்திக்கொண்டே பட்டறைக்குள் போனான்.

ஒரு தறியை நிறுத்தினான். அடுத்ததை. நாலையும்.

அப்போதும் தரை அதிர்ந்தது. பின்வீடு, எதிர்வீடு, தெரு முழுக்கத் தறி ஓடுகிறதே. இவன் ஒருத்தன் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? இதை அவளிடம் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தான்.

எதிர்வீட்டுத் தறி நின்றது.

பின்வீடு நின்றது. அதற்கடுத்த வீடு. அப்படியே ஒவ்வொன்றாக, தெருக்கோடி வரைக்கும்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கரண்ட் போனால் தெரு மொத்தமும் ஒரே மூச்சில் நிற்கும். கரண்ட் இருக்கும்போது, நடு ஷிப்டில், ஒரு வீட்டுத் தறி மட்டும் நின்றால் இந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு. மற்றவர்கள் முதலில் தங்கள் தறியை நிறுத்துவார்கள். யார் என்று பிறகுதான் கேட்பார்கள்.

வாசலுக்கு ஓடினான்.

எதிர்வீட்டுப் பாவாயி அக்கா கொண்டையை அவிழ்த்தபடி வந்துகொண்டிருந்தாள். பின்னால் மாரப்பன், தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் பாதித் தெரு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியபடி.

"காலைலகூடக் குழாயடில சிரிச்சுட்டு நின்னாளே எஞ்சாமி!" பாவாயி அக்கா மாரில் அடித்துக்கொண்டாள்.

"சுகுணாவா?" என்றான் மாரப்பன். "எப்பிடிப்பா?"

என்னவென்று சொல்வது? ஒரு சொட்டுத் தண்ணீருக்காக என்றா? டீக்கடையில் வைத்துக் கிழித்துவிடுவார்கள். சாகும்வரைக்கும் பட்டப்பேர் ஆகிவிடும்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. படம் எடுத்தாளா இல்லையா, அதுவும் தெரியவில்லை.

பாவாயி அக்கா வாசற்படியில் கால் வைத்தாள். கனத்த உடம்பு. படி கிண்ணென்று அதிர்ந்தது.

"அக்கா!"

தறிச் சத்தத்துக்குப் பழகிய குரல். நிசப்தமான தெருவில் அது எங்கோ போய் முட்டித் திரும்பியது. அவனே மிரண்டு, குரலைத் தணித்தான். இவ்வளவு மெதுவாக அவன் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

"ஆரும் சாகலீங்கக்கா. நடக்காதீங்க. ஒருத்தரும் அசையாதீங்க. அப்பிடியே நில்லுங்க."

"பைத்தியம் புடிச்சிருச்சா இவனுக்கு" என்றான் மாரப்பன். ஆனாலும் நின்றான்.

பாவாயி அக்கா மாருக்கு ஓங்கிய கையோடு நின்றாள்.

தெரு நின்றது.

அவர்களை மறிக்க அவனும் ஒரு காலைத் தூக்கியிருந்தான்.

அதைக் கீழே வைக்கலாமா என்று தெரியவில்லை.