கடைசி இடத்துக்குக் கடும் போட்டி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் ஏற்றத்தாழ்வு என்பது இன்றோடு ஒழிந்தது. சாம்பியன் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரி, அடுத்த ஆண்டு கடைசி இடத்து அணிக்கு வந்து ஆடுவாள். இந்த இரண்டு வாக்கியங்களைப் பெற்றெடுக்கச் சம்மேளனம் ஆறு முறை கூடி, நான்கு உபகுழு அமைத்து, ஒரு முறை நாற்காலியும் வீசிக்கொண்டது. காற்புள்ளி விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் விவாதம் நடந்தது.

ஆகவே அன்று பிற்பகல், பட்டியலின் அடியில் கிடந்த இரண்டு அணிகளும் தோற்பதற்காக உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தன.

ஒருத்தி கூடைக்கு நேர் கீழே நின்று ஷூ லேஸை மூன்றாவது முறையாகக் கட்டினாள். எதிரணிப் பெண் பந்தை அவள் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி, எந்தக் குற்றத்துக்கு ஊதுவது என்று தெரியாமல் விழித்தார்.

அந்த இரண்டில் ஓர் அணியின் கோச்சம்மா மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அணி ஜெயித்து நாலு வருடமாகிறது. அடுத்த வருடம் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு, மைதானத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றிவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு ஆள் நாடாவோடு வந்து அளந்துகொண்டும் போய்விட்டான்.

காப்பாற்ற ஒருத்தியால்தான் முடியும். சாம்பியன் அணியின் ஏணி. அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை, அவ்வளவு உயரம். கோச்சம்மா மூன்று வருடமாக அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வருகிறார். கை நீளம், ஷூ அளவு, எந்தக் காலை ஊன்றி எழும்புவாள் என்பதெல்லாம் அத்துப்படி. அன்று காலை நடந்த இறுதி ஆட்டத்தில்கூட ஏணி தனியாளாக நாற்பது புள்ளி எடுத்திருந்தாள்.

கோச்சம்மாவின் சொந்த அணித் தலைவிக்குப் பட்டப்பெயர் குண்டூசி. உருவம் அவ்வளவுதான், ஆனால் குத்தினால் வலிக்கும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அவள் எறிந்த முதல் பந்தையே ஏணி ஈ அடிப்பதுபோலத் தட்டிவிட்டாள். ஏணிக்கும் அதுதான் முதல் ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே என்ன அடி என்று கோச்சம்மா அந்த வாரம் முழுக்க எதிரணிப் பெண்ணைப் புகழ்ந்து, குண்டூசியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிய மூன்று விநாடி. கோச்சம்மாவின் அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கி, கடைசி இடத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது. எதிரணிக் கோச் லேசுப்பட்டவரல்ல. அவர் கண்ணைக் காட்ட, ஒரு பெண் ஓடிவந்து குண்டூசியின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். நடுவர் கடைசியில் விசில் ஊதினார். குண்டூசிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்க மாட்டார்கள், நின்று நிதானமாக எறியலாம். இரண்டும் விழுந்தால் வெற்றி.

ஃப்ரீ த்ரோவில் குண்டூசி குறி தப்பியதே இல்லை. கோச்சம்மா டைம் அவுட் கேட்டு அவளை ஓரமாக அழைத்தார்.

"ரெண்டையும் விட்டுடு."

குண்டூசி அவரையே பார்த்தாள். "மூணு வருஷத்துல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல மேடம். எங்கப்பா இன்னிக்குத்தான் லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு. படிப்பு முடிஞ்சு போறேன், இதுதான் எனக்குக் கடைசி மேட்ச்."

"நீ போயிடுவே. மத்த புள்ளைங்க எங்க போகும்? ஏணி வந்தாத்தான் டீம் இருக்கும்."

குண்டூசி கோட்டில் போய் நின்றாள். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவதை அவள் வளையத்திலும் படவிடாமல், பலகையிலும் படவிடாமல், கூடைக்கு ஒரு முழம் தள்ளி எறிந்தாள். பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

அரை மணி நேரத்தில் அதே அரங்கில் மேடை போட்டார்கள். சம்மேளனத் தலைவர், சமநிலை என்பது வெறும் சொல்லல்ல என்று தொடங்கி, வேறு என்னவென்று சொல்லாமலே நாற்பது நிமிடம் பேசினார். சாம்பியன் அணியின் கோச் ஏணியின் கையைப் பிடித்துக் கோச்சம்மாவின் கையில் வைத்தார். பெற்ற பெண்ணைத் தாரை வார்ப்பதுபோல வார்த்தாரே தவிர, முகத்தில் அதற்குரிய வருத்தம் இல்லை. போட்டோ எடுத்தார்கள்.

கோச்சம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏணியின் கையை விடாமல், காலைப் பயிற்சி ஆறு மணிக்கு என்றும், அவள் அளவு ஷூ இப்போதே வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னார். ஏணி அரங்கின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குண்டூசி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பின்னால் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

"அவளைப் பாக்காதேம்மா. ஃபைனல் இயர், இதுதான் கடைசி மேட்ச், அதான் அழுவுறா. அவ இடத்துலதான் நீ ஆடப் போறே."

ஏணி மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

"எனக்கும் காலைல ஆடினதுதான் கடைசி மேட்ச், மேடம்."