ஒரு பகல்

இரவுப் பணி முடித்த பயிற்சி மருத்துவர்கள் காலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்காக டீன் அறை வாசலில் தோழிகளோடு உட்கார்ந்து போராடிய இசக்கியம்மாள், வெளியே கிளம்பியவள், கால் பழகிய பழக்கத்தில் வார்டுக்கே திரும்பினாள். நர்ஸ் ஸ்டெல்லா கதவை மறித்தாள்.

“எங்க வாரீய டாக்டரம்மா?”

“அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் விடலியே சிஸ்டர்.”

“நாங்க இருக்கோம்லா. போங்க.”

தெருவெல்லாம் வெயில். தூக்கம் எங்கோ ஓடிவிட்டது. பேருந்தேறித் தாமிரபரணிக்குப் போனாள். செருப்பை உதறிவிட்டு, உடுத்திய சுடிதாரோடு ஆற்றில் குதித்தாள். குளிரில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூழ்கி எழுந்து, தன்னை மறந்து சிரித்தாள்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி வியந்து கேட்டாள். “வேல நேரத்துல வந்து முங்குதியே, எங்க தாயி வேல பாக்க?”

“இன்னைக்கு எங்கயும் இல்லக்கா,” என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் மறுபடி முங்கினாள்.