விற்காத சண்டை

"டி.வி.யை நிறுத்தாதே நொயெமி, முழுசா பாரு" என்றான் எலிசேயோ.

சனிக்கிழமை லாஸ் வேகாஸில் நடக்கவிருந்த குத்துச்சண்டைக்குப் பாதி டிக்கெட்கூட விற்கவில்லை. இப்படியே போனால் சண்டை ரத்து என்று ஏற்பாட்டாளர் சொல்லிவிட்டார். வீரர்களின் பயிற்சியையும் வீட்டையும் காட்டும் இந்த நிகழ்ச்சிதான் கடைசி நம்பிக்கை.

"எனக்குத்தான் இந்த அடிதடியே ஆகாதே!"

"அதனாலதான் உன்னைப் பார்க்கச் சொல்றேன். உனக்கே பிடிச்சா ஊருக்கே பிடிக்கும்."

திரையில் ஆர்லோ என்ற டெட்ராய்ட் வீரன், பேருந்து ஓட்டும் வேலை முடிந்து பயிற்சிக் கூடத்துக்கு ஓடிவந்தான். அவனுடைய காது கேளாத மகள் அப்பாவின் கைகளில் துணிப்பட்டையைச் சுற்றிவிட்டாள்.

நொயெமி சாப்பிட எடுத்த தமாலே பலகாரம் தட்டிலேயே ஆறிப்போனது.

"ஐயோ, இந்தக் குழந்தைக்காகவாவது அவன் ஜெயிக்கணும்!"

எலிசேயோ சோபாவின் நுனிக்கு வந்தான். "நேர்ல போய்ப் பார்க்கத் தோணுதா?"

"தோணாம? தங்கச்சிங்களையும் இழுத்துட்டுப் போவேன்!" அவள் குரல் தழுதழுத்தது.

"அழறா! நொயெமியே அழறா!" என்று அவன் துள்ளிக் குதித்தான்.

கைப்பேசி அலறியது. ஏற்பாட்டாளர்தான். "டிக்கெட் பறக்குதுடா! சண்டை உறுதி!"

எலிசேயோ மனைவியைத் தூக்கிச் சுற்றினான். கீழே இறங்கியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவனின் இரு கைகளையும் இறுகப் பிடித்தாள்.

"சனிக்கிழமை அவன் முகத்துல மட்டும் குத்தாதே எலிசேயோ. அந்தப் பொண்ணு பார்த்துட்டு இருக்கும்."