விசாரிக்க வந்தவர்

"வெயிலுமுத்து வீடு எது?"

சஃபாரி சூட்டும் கக்கத்தில் ரெக்ஸின் பையுமாக ஒருவர் இந்தியில் கேட்டதும், குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர்களில் ஒருத்தியான சண்முகவடிவு குடத்தைக் கீழே வைத்தாள். வந்தே விட்டான்!

ஸ்ட்ரைக்கில் மூடிய மில் இனிமேல் திறக்காது என்று ஆகிவிட்டது. வேலை போனவர்களுக்கு சர்க்கார் உதவிப்பணம் உண்டு என்றார்கள். அவள் புருசன் வெயிலுமுத்துவும் மனுப் போட்டிருந்தான். அதில் ஒரு கொக்கி. வேறு வேலை பார்க்கிறவனுக்குப் பணம் கிடையாது. "ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்போம்" என்று ஆபீசில் மிரட்டியே அனுப்பியிருந்தார்கள்.

வெயிலுமுத்துவா சும்மா இருக்கிற ஆள்? தாராவியில் பை தைக்கிற கடைகளில் மெஷின் படுத்துவிட்டால் அவனைத்தான் தேடி வருவார்கள். வீட்டுப் பரணில் ஒளிந்து உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுப்பான். இப்போதும் அங்கேதான் இருந்தான், கையெல்லாம் கிரீஸோடு.

"நான்தான் அவர் சம்சாரம். அவர் டீ குடிக்கப் போயிருக்கார்." வடிவு தெரிந்த இந்தியில் சமாளித்தாள்.

"இப்ப என்ன வேலை பார்க்கிறார்?"

"வேலையா? அவரா? டீ குடிச்சிட்டு வந்து மறுபடி படுப்பார். அதுதான் வேலை."

பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் சட்டென்று புரிந்துகொண்டாள். "ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்தா முதுகு சொறிவார் சாப்!"

பீடிக்கடை சொரிமுத்துவும் விடவில்லை. "நாள் பூரா எங்க கடை வாசல்ல சீட்டாட்டம்தான்."

வந்தவர் முகம் சுருங்கியது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வடிவு மட்டும் சிரிக்கவில்லை. அவர் நேரே தெருக்கோடி வீட்டுக்கல்லவா போகிறார்!

அங்கே மெஹராஜ் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் முட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்கும் வடிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வடிவு பின்னாலேயே ஓடினாள்.

"சோம்பேறியா? யார் சொன்னது?" மெஹராஜின் குரல் தெருவுக்கே கேட்டது. "விடிஞ்சா அவருக்கு மெஷின்தான். இந்தப் பக்கத்துல அவர் கைபடாத தையல் மெஷினே இல்ல. நம்பலைன்னா அந்த வீட்டு ஏணியில ஏறிப் பாருங்க. பரண்லதான் இருப்பார்!"

வந்தவர் திரும்பி வந்து நிஜமாகவே ஏணியில் ஏறினார். வெயிலுமுத்து பதறி எழுந்ததில் தலை தகரத்தில் இடித்தது. மடியில் பாதி கழற்றிய மெஷின்.

அதையும் அவன் கையையும் உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"போச்சு, மனுவைக் கிழிச்சுப் போட்டுருவான்" என்று வெயிலுமுத்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

வடிவு தெருக்கோடிக்குப் பாய்ந்தாள்.

"ஏளா மெஹராஜு! எம்மேல கோவம்னா என்னைய நாலு அடி அடி. எம்புள்ள சோத்துலயா மண்ணப் போடுவ?"

"நான் சொன்னது பொய்யா?"

"நெசந்தான்! நெசம்னா சொல்லீருவியா?"

"இன்னைக்கு எங்கிட்ட எதுவும் கேக்காத வடிவு. போ" என்று மெஹராஜ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தியா, மூஞ்சியக் காட்ட முடியல" என்றாள் மீனாட்சியம்மாள். "அவ புருசனுக்கு உல்லாஸ்நகர்ல நிலையான வேலை. அடுத்தவ வயிறு எரிஞ்சா அவளுக்கென்ன?"

அன்று அடுப்பு பற்றவைக்கக்கூட வடிவுக்குக் கை வரவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெஹராஜின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சஃபாரி சூட் மறுபடியும் வாசலில் நின்றது. கூடவே மெஹராஜின் புருசன் ஹனீப்.

'சாட்சிக்குப் புருசனையும் அனுப்பிட்டாளா!' வடிவு பல்லைக் கடித்தாள்.

வந்தவர் வெயிலுமுத்துவின் தோளில் தட்டினார். "திங்கட்கிழமை உல்லாஸ்நகர் வந்துரு. என் பட்டறை மெஷின் அத்தனையும் உன் பொறுப்பு. பெர்மனென்ட் வேலை."

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இவர் சர்க்கார் ஆள் இல்ல தங்கச்சி, எங்க சேட்டு" என்றான் ஹனீப். "தெருவுல வந்து விசாரிக்காம யாரையும் வேலைக்கு வைக்க மாட்டாரு. முன்னாடியே தெரிஞ்சா எல்லாரும் கூடிப் புகழ்ந்துருவீகன்னு எங்க வாயையும் கட்டிப்புட்டாரு."

"புகழ்ந்தாங்களே!" சேட் வயிறு குலுங்கச் சிரித்தார். "சொந்த சம்சாரமே சோம்பேறின்னு சொன்னதும் ஸ்டேஷனுக்கே கிளம்பியிருப்பேன். கடைசி வீட்டு அம்மாதான் ஏணியைக் காட்டினாங்க."

வெயிலுமுத்து ஹனீப்பின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஹனீப் பாய், என்னைய நெனப்புல வச்சு சேட்டுகிட்ட சொன்னீகளே…"

"எனக்கெங்க நெனப்பு! நான் செருப்பக் கழட்டுறதுக்குள்ள, 'சர்க்கார் பணம் எத்தன நாளைக்கு வரும், அண்ணாச்சிக்கு சேட்டுகிட்ட வேல கேட்டீகளா, கேட்டீகளா'ன்னு தெனமும் என் உசுர வாங்குனது மெஹராஜுதான்!"